ஆலயத்துக்கு ஏசி தேவையா? மட்டக்களப்பில் கட்டுவதும் படைப்பைப் பேணுவதும்

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லடிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் உங்கள் கத்தோலிக்கப் பங்கு, அதாவது உங்கள் ஆலயச் சமூகம். ஓட்டுக்கூரையும் தடித்த சுவரும் உள்ள பழைய ஆலயம். கட்டடக் குழு அதை இடித்துவிட்டு, தட்டையான கொங்கிறீட் கூரை (பிளாட்), கண்ணாடி முகப்பு, ஏசி எல்லாம் வைத்து 300 பேர் இருக்கக்கூடிய புதிய ஆலயம் கட்டப் பார்க்கிறது. இளைஞர்கள் சிலர் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழலைப் பற்றி எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலைக் காட்டிப் பேசியிருக்கிறீர்கள். “அது மரம் நடச் சொன்ன மடல், கட்டடத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று பதில் வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் இறையியல் ஆலயக் கட்டடத்தைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது சொல்கிறதா, சொன்னால் நமது வெயிலில் அதை எப்படிக் கட்டிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மெதடிஸ்தக்காரன், தொழில் கட்டடம். உங்கள் பங்கின் உள்விவகாரத்தில் தலையிடும் உரிமை எனக்கில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பழைய ஆலயத்தின் அத்திவாரமும் சுவரும் நன்றாக இருந்தால் அதை இடிக்க வேண்டாம். புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஏசி இல்லாமல் இருக்கக்கூடிய ஆலயமாகக் கட்டுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த “என்ன தொடர்பு” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். மடல் 2015 மே 24 திகதியிட்டது. அதன் 180ஆம் பத்தி, சக்தி விரயத்தையும் மாசையும் குறைக்கும் வகையில் கட்டடங்களைக் கட்டுவதையும் திருத்துவதையும் நேரடியாகவே குறிப்பிடுகிறது. கட்டுவதோடு திருத்துவதையும் சேர்த்தே சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். 55ஆம் பத்தியில், தேவைக்கு மேல் நுகரும் பழக்கத்துக்கு உதாரணமாக அவர் எடுத்துக்காட்டுவது எதை என்று நினைக்கிறீர்கள்? குளிரூட்டியை. ஒரு திருத்தந்தையின் சுற்றுமடலில் ஏசிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னால் உங்கள் குழுவில் சிலர் நம்பமாட்டார்கள். பத்தி இலக்கத்தோடு கொண்டுபோங்கள். அது திருத்தந்தையின் தனிப்பட்ட விருப்பம் என்று யாராவது தட்டிக் கழித்தால், 1963இல் ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 124ஆம் பத்தி இருக்கிறது. திருக்கலையில் வெறும் ஆடம்பரத்தை நாடாமல் உயர்ந்த அழகை நாட வேண்டும் என்று ஆயர்களுக்கு அது சொல்கிறது.

இனி இறையியல். இதன் நவீன வாதத்தைக் கிளறிவிட்டவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட். ‘பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள்’ என்ற தொடக்கநூல் வசனத்தை மேற்கத்தியக் கிறிஸ்தவம் புரிந்துகொண்ட விதத்தில்தான் சூழல் நெருக்கடியின் வேர் இருக்கிறது என்று 1967இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதே கட்டுரையின் முடிவில், எளிமையாக வாழ்ந்த புனிதரான அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக்கலாம் என்றும் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதையே அறிவித்தார். பிறகு உலகத் திருச்சபைகளின் மன்றம் 1983இல் வன்கூவரில் நீதி, சமாதானம், படைப்பின் முழுமை மூன்றையும் ஒரே மூச்சில் பேசியது. 1989இல் ஒர்தொடொக்ஸ் திருச்சபையின் கொன்ஸ்தாந்திநோபிள் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டெம்பர் 1ஐப் படைப்புக்கான மன்றாட்டு நாளாக்கினார்; கத்தோலிக்கத் திருச்சபை 2015இல் அதில் சேர்ந்துகொண்டது. ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் மறைபணியின் அடையாளங்களில் ஐந்தாவதாகப் படைப்பைப் பேணுவதைச் சேர்த்திருக்கின்றன. ஆக, இது ஒரு பங்கு இளைஞர் ஒன்றியத்தின் புதுப் பைத்தியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு அதிகம் பிடித்தது அறிக்கைகளை விட வேதத்துக்குள்ளேயே நடக்கும் வாக்குவாதம். சாலொமோன் ஆலயம் கட்டிய கதையை நாம் மகிமையின் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். 1 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள்: முப்பதினாயிரம் பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதத்துக்குப் பத்தாயிரம் பேராக லீபனோனுக்கு அனுப்பி மரம் தறிக்கவைக்கிறான். கட்டி முடித்தபிறகு பிரதிஷ்டை ஜெபத்தில் அவனே கேட்கிறான்: “வானங்களும், வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?” அதன்பிறகு ஏசாயா 14ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே பாபிலோன் ராஜா விழுந்ததைக் கண்டு சந்தோஷப்படுவது மரங்கள். நீ விழுந்ததிலிருந்து எங்களை வெட்டவருவார் ஒருவருமில்லை என்று லீபனோனின் கேதுருக்கள் சொல்கின்றன. ஒரு கட்டடத்தின் மரம் எங்கிருந்து வந்தது, யார் தறித்தார்கள், தறித்த இடம் என்ன ஆயிற்று என்ற கேள்வி வேதத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று இனி எப்படிச் சொல்வது? நமது இடத்தில் அந்தக் கேள்வியைக் கேதுருவை வைத்துக் கேட்க வேண்டியதில்லை. முந்தனை ஆற்றில் கட்டட வேலைக்கு அள்ளும் மணலை வைத்துக் கேட்கலாம்.

ரோமர் 8இல் பவுல், சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவிக்கிறது என்கிறார். கொலோசெயர் முதலாம் அதிகாரத்தில் ஒப்புரவாக்கப்படுவது மனிதர் மட்டுமல்ல, ‘சகலமும்’. இங்கேதான் சூழல் இறையியல் சாதாரணச் சுற்றாடல் விழிப்புணர்விலிருந்து வேறுபடுகிறது. தண்ணீரும் மண்ணும் மரமும் நாம் பயன்படுத்தும் சரக்கு என்ற நிலையிலிருந்து நம்மோடு மீட்கப்படும் உறவுகளாக மாறிவிடுகின்றன. கத்தோலிக்கருக்கு இதை விளங்கப்படுத்துவது எங்களுக்கு விளங்கப்படுத்துவதைவிடச் சுலபம். ஏனென்றால் உங்கள் அருட்சாதனங்கள் எல்லாம் நீர், எண்ணெய், அப்பம், இரசம், தீ என்று பொருளைத் தொட்டே நடக்கின்றன. மடலின் 235ஆம் பத்தி இதையே சொல்கிறது. அடுத்த பத்தியில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு நாட்டுப்புற ஆலயத்தின் எளிய பீடத்தில் நடக்கும் நற்கருணையும் ஒரு வகையில் உலகம் என்ற பீடத்தின்மேல் நடப்பதுதான் என்கிறது. அப்படிப்பட்ட பீடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கண்ணாடியால் அடைத்து, வெளிக்காற்றும் குயில் சத்தமும் மழை வாசமும் வராமல் பார்த்துக்கொள்வது கொஞ்சம் விநோதமான காரியம்தான்.

இதை ஊர்க்காரருக்குச் சொல்ல ஒரு நல்ல ஆள் இருந்தார். புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசுசபைத் துறவி லாங் சுவாமி, 1950களில் இரவில் வாவிக்குள் வள்ளத்தில் போய் தண்ணீருக்கடியிலிருந்து கேட்கும் நமது ‘பாடும் மீன்’ ஓசையை ஒலிப்பதிவு செய்தார். அது வானொலியிலும் போனது. படைப்பின் குரலைக் கேட்பது என்று இறையியலாளர்கள் பெரிய சொற்களில் எழுதுவதை அவர் ஒரு ஒலிவாங்கியை வைத்துச் செய்துவிட்டார்.

சரி, இனிக் கட்டடத்துக்கு வருவோம்.

மட்டக்களப்பு ஏறக்குறைய 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் விழும். ஆண்டின் மற்ற நாட்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நமது ஊரில் வெப்பம் உள்ளே வரும் பெரிய வழி கூரை. அதற்கு அடுத்தது காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் படுகிற கிழக்கு, மேற்குச் சுவர்கள். வடக்கு, தெற்குச் சுவர்களைத் தாவாரத்தைக் கொஞ்சம் நீட்டினாலே நிழலில் வைத்துவிடலாம். இப்போது பாருங்கள்: கிறிஸ்தவ மரபில் பீடம் கிழக்கு நோக்கி. அதாவது ஆலயத்தின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன, குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. உதிக்கும் சூரியனைக் கிறிஸ்துவின் வருகைக்கு அடையாளமாக வைத்து எழுந்த ஒழுங்கு, நமது அகலாங்கில் வெப்பக் கணக்குக்கும் அப்படியே பொருந்திவிடுகிறது. உங்கள் குழுவின் வரைபடத்தில் புதிய ஆலயத்தின் முகப்பு எந்தப் பக்கம்? பிரதான வீதியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தைத் திருப்பி, நீளப் பக்கத்தை மேற்கே வைத்துக் கண்ணாடியும் போட்டிருந்தால், மாலைத் திருப்பலிக்கு மக்கள் அடுப்புக்குள் இருப்பதுபோல இருப்பார்கள். பிறகு ஏசி கட்டாயமாகிவிடும். ஏசி தேவைப்படும் கட்டடத்தை முதலில் வரைந்துவிட்டு ‘வேறு வழியில்லை’ என்பதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

காற்றும் நமக்குத் தெரிந்ததுதான். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். கிழக்கு மேற்காக நீண்ட ஆலயத்தில் கச்சான் முன்வாசலால் நுழைந்து பீடச் சுவரில் முட்டி நிற்கும். எனவே பீடத்தின் இரு பக்கமும் காற்று வெளியேற வழி வேண்டும். பழைய ஆலயங்களில் அந்த இடத்தில் சக்கிறீஸ்து (குருவின் ஆயத்த அறை) கதவுகளும் துளையுள்ள பூக்கல் வரிசையும் இருப்பது சும்மா இல்லை. வடக்குப் பக்கம் விறாந்தையோ, குறைந்தது நான்கு அடித் தாவாரமோ வேண்டும். இல்லாவிட்டால் வாடை மழைக்கு யன்னலை அடைத்துவிட்டு உள்ளே புழுங்க வேண்டியதுதான். யன்னல்கள் இருக்கிறவரின் உடம்பு மட்டத்துக்கு இறங்க வேண்டும். ஆறடிக்கு மேல் வைத்த அழகான நிறக்கண்ணாடி யன்னல், அதுவும் திறக்காத யன்னல், ஐரோப்பாவின் குளிருக்கும் மங்கலான வெளிச்சத்துக்கும் பிறந்தது. முகட்டில் சூடு வெளியேறத் திறப்பு இருந்தால் கீழே குளிர்ந்த காற்று தானாக உள்ளே இழுபடும். தோலின்மேல் விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் காற்று போனாலே இரண்டு, மூன்று பாகை குறைந்ததுபோல இருக்கும். கூரையில் தொங்கும் பானுக்குப் பின்னால் உள்ள கணக்கு இவ்வளவுதான்.

இப்போது ஏசிக் கணக்கைப் பார்ப்போம், குழுவில் இதுதான் எடுபடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். 300 பேர் என்றால் 30 கிலோவாட். வீட்டில் போடும் 12,000 பீ.ரீ.யூ. ஏசி ஒன்று அகற்றுவது 3.5 கிலோவாட் வெப்பம். ஆக, சனத்தின் உடம்புச் சூட்டை மட்டும் எடுக்கவே அப்படி ஒன்பது ஏசி வேண்டும். பிளாட் கூரையும் கண்ணாடியும் கொண்டுவரும் வெப்பம், கதவைத் திறந்து மூடும்போது வரும் ஈரக்காற்று எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒரு மடங்கு என்று வையுங்கள். மின்சாரத்தில் 20 கிலோவாட் அளவு போகும். அதே மண்டபத்தில் இருபது சாதாரணப் பான் சுழன்றால் 1.4 கிலோவாட். புதுவகைச் சிக்கனப் பான் என்றால் அதில் பாதிக்கும் கீழே. 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறின. வணக்கத்தலங்களின் பில் நாடு முழுக்கப் பேச்சானது. பிறகு கட்டணம் ஏறி இறங்கியிருக்கலாம், ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் உள்ளே இருக்கவே முடியாத ஆலயத்தை ஒரு பங்கு கட்டலாமா என்ற கேள்வி இறங்கவில்லை.

சூரியத் தகடு போட்டுவிட்டு ஏசியும் போடலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தகடு நல்லது, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஆலயம் பெரிதாக மின்சாரம் எடுப்பதில்லை என்பதால் உற்பத்தியை மின் வலையமைப்புக்குக் கொடுத்துக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் உப்புக் காற்று சட்டத்தையும் ஆணியையும் தின்னும் என்பதை மட்டும் கொந்தராத்துக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் தேவையைக் குறையுங்கள், மிஞ்சியதற்குத் தகடு போடுங்கள். முன்காலத்தில் காசு கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கிய மாதிரித் தகடு வாங்குவதில் எனக்கு மரியாதை இல்லை. (மெதடிஸ்தக்காரன் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்.)

வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைகள் என்ற வாதத்தை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். வெயில் வருடத்துக்கு வருடம் கூடுகிறது, ஏப்ரலில் பெரிய வியாழன், வெள்ளி வழிபாடுகள் நீளமானவை. அப்படியானவர்களுக்குப் பின்பக்கத்தில் ஒரு சிறிய குளிரூட்டிய அறை வைப்பதில் எந்த இறையியல் பிழையும் இல்லை.

கூரைக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் குழுவின் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் ஓட்டுக்கூரையை நம்பமாட்டார்கள். ஓடுகள் இலைபோலப் பறந்ததையும் தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்ததையும் அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். கொங்கிறீட் பிளாட் பறக்காது என்பது உண்மை. ஆனால் அது பகல் முழுக்கக் குடித்த வெயிலை மாலையில் உள்ளே கக்கும், சரியாக மாலைத் திருப்பலி நேரத்தில். தகரச் சீற் உடனே சூடேறும், மழையில் பிரசங்கம் கேட்காது. அஸ்பெஸ்டஸைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பழையது இருந்தால் உடைக்காமல், தூசி கிளப்பாமல் கழற்ற வேண்டும், புதிதாகப் போடவே கூடாது. என் தெரிவு ஓடுதான், ஆனால் 1978ஐ மறக்காத ஓடு: சுவரின் தலையில் சுற்றிவரக் கொங்கிறீட் வளையம், அதிலிருந்து கைமரத்துக்கு (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரம்) இரும்புப் பட்டி, ஓரங்களிலும் முகட்டிலும் உள்ள ஓடுகளைக் கம்பியால் அவை தங்கும் மரச் சலாகையோடு கட்டுவது, முப்பது பாகையளவு சரிவு, முடிந்தால் இரண்டு பக்கச் சரிவுக்குப் பதிலாக நான்கு பக்கச் சரிவு. முக்கோணச் சுவர் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பதைவிட நான்கு பக்கமும் சரிந்த கூரை காற்றை மேலே ஏற்றி அனுப்பிவிடும். தாவாரத்தை நீட்டச் சொன்னேன் அல்லவா, நீட்டிய தாவாரம்தான் காற்றில் முதலில் தூக்கும். அதனால் விறாந்தைக் கூரையைத் தனியாகப் பிரித்துக் கட்டுங்கள். போனால் அது மட்டும் போகட்டும்.

சுவருக்கு என்ன? பழைய ஆலயங்களின் தடித்த சுவர்களில் முருகைக்கல் (பவளப்பாறை) சுண்ணாம்பு இருக்கும். அதற்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் கூடாது. கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை. சீமெந்துக்கும் விலை உண்டு, உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியால் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி நமது மாவட்டத்திலேயே செய்துகாட்டப்பட்டிருக்கிறது. போருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றிய நிதியில் மட்டக்களப்பிலும் வன்னியிலும் கட்டிய வீடுகளில், கிறவல் மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்திய மண்கற்களைப் பயன்படுத்தினார்கள். சுட வேண்டியதில்லை, விறகு வேண்டாம், மணல் குறைவு. மழைச் சாரல் படும் பக்கத்துக்கு மட்டும் தாவாரமும் உயரமான அடிப்பீடமும் வேண்டும். ஆனால் இந்த மண்கல்லும்கூட, ஏற்கெனவே நிற்கும் சுவரை வெல்ல முடியாது. உங்கள் பழைய சுவருக்கான சுண்ணாம்பும் கல்லும் மரமும் என்றோ செலவாகிவிட்டன. அதை இடித்துக் குப்பையாக்கி, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வாவிக்கரைக் கண்ணா (கண்டல்) பற்றையில் கொட்டி, அதே அளவு சுவரைப் புதிதாக எழுப்பிவிட்டு அதைப் ‘பசுமை ஆலயம்’ என்று சொன்னால் கணக்கு இடிக்கும்.

திறந்த ஆலயம் என்றால் ஏழை ஆலயம் என்ற நினைப்பையும் உடைக்க வேண்டும். கண்டி திருத்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1920களில் தொடங்கி 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. துணை அதிபராக இருந்த காஸ்ரர் போதகர் கண்டிய மண்டபங்களின் மாதிரியில் வரைந்தது. கல்தூண்களின்மேல் பெரிய கூரை, பக்கச் சுவர் இல்லை. பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம், 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா செய்தது, அந்த மலைக் கல்லிலேயே எழும்பி நிற்கிறது. ஆனால் அது குளிர்ந்த மலைநாட்டுக்கு. பார்த்துவிட்டு இங்கே அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள். நமக்கு இன்னும் கிட்டியது திருவனந்தபுரம் லொயோலா வளாகத்து ஆலயம், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970ஐ ஒட்டிக் கட்டியது. காசு குறைவு, ஆயிரம் பேர் இருக்கக்கூடிய இடம் வேண்டும். உயரமான சுவரை இரட்டைச் சுவராக்கி, இரண்டிலும் செங்கல்லை இடைவிட்டு அடுக்கிச் சல்லடைபோலத் துளைகள் வைத்தார். வெளிச்சமும் காற்றும் வருகிறது, மழை வருவதில்லை, எதிரொலியும் குறைகிறது. கண்ணாடி ஆலயங்களில் எதிரொலிக்காக ஸ்பீக்கரைக் கூட்டுவதும் பிறகு எதிரொலி கூடுவதுமான கூத்து அங்கே கிடையாது. அதே கேரள வெயிலும் மழையும்தான் நமக்கும், கொஞ்சம் கூடக் குறைய.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் திறந்த ஆலயத்தைப் பற்றிப் பேச முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்த ஊர் இது. அதற்குப் பிறகு எங்கள் ஆலயங்களிலும் மதில் உயர்ந்தது, கேற் பூட்டப்பட்டது. அந்தப் பயத்தை இறையியல் பேசி யாரும் குறைசொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் தொழில்காரனாகச் சொல்கிறேன்: காவல் இருக்க வேண்டிய இடம் வளவின் எல்லை, மண்டபத்தின் சுவர் அல்ல. வாசலில் ஆளைப் பார்த்து விடுகிற ஒழுங்கு இருந்தால் மண்டபம் திறந்திருக்கலாம். மாறாக, பெரிய கண்ணாடி முகப்பு உடைந்தால் அதுவே ஆயுதம். இரண்டே கதவுள்ள அடைத்த மண்டபத்திலிருந்து 300 பேர் அவசரத்தில் விரைவாக வெளியேற முடியாது. பக்கமெல்லாம் கதவு வைத்த பழைய ஆலயம் இந்தக் கோணத்திலும் மேல்.

தண்ணீரைக் கடைசிக்கு வைத்திருந்தாலும் என் மனதில் முதலில் நிற்பது அதுதான். உங்கள் இடம் இரண்டு உப்புத் தண்ணீருக்கு நடுவில் உள்ள மணல். அதன் அடியில் மெல்லிய படையாக நல்ல தண்ணீர் மிதக்கிறது. மழைதான் அதை நிரப்புகிறது. 2004 சுனாமியில் கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போய், மாரி மழை கழுவித்தான் மெல்ல மெல்லத் திரும்பின. நமக்கு ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை, பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். தாவாரத்தோடு 400 சதுர மீற்றர் கூரை என்று வைத்து, சிந்துவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் வருடத்துக்கு ஐந்து இலட்சம் லீற்றர் வருகிறது. இப்போது அது எங்கே போகிறது? பீலியால் இறங்கி, இன்டர்லொக் கல் பதித்த முற்றத்தால் ஓடி, வீதிக் கானுக்குள். முற்றத்தைக் கல்லால் மூடுவது துப்புரவாகத்தான் தெரியும், திருவிழாவுக்குக் கதிரை போடவும் வசதி. ஆனால் அது கிணற்றின் வாயை மூடுகிற வேலை. சுற்றுப்பிரகாரப் பாதைக்கு மட்டும் கல் போடுங்கள், மற்ற இடம் மணலாகவே கிடக்கட்டும். பீலித் தண்ணீரில் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததை ஒரு தொட்டியில் பிடியுங்கள், வழிவதை மணலுக்குள் ஒரு குழி வைத்து இறக்குங்கள். மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அடியையும் சுவரையும் அடைத்துக் கட்டுங்கள். மணலில் அழுக்கு வேகமாக நடக்கும். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குத் தீர்த்தக்குளம் எப்படியோ, அப்படி ஒரு ஆலயத்தின் வளவுக்குள் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். கூரையில் பெய்த மழையை ஞானஸ்நானத் தொட்டிக்கு எடுத்தால் அந்தச் சடங்கைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல கதையும் கிடைக்கும். உங்கள் பாதர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மரத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. வாகனத் தரிப்பிடத்துக்காக வேம்பைத் தறிக்கவிடாதீர்கள், கூரைக்கு மேல் சாயும் இடத்தில் புதிதாக நடாதீர்கள், இலை விழுந்து பீலி அடைக்கும் என்று யாராவது முறைப்பட்டால் பீலியைத் துப்புரவாக்க ஆள் வையுங்கள்.

கூட்டத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டியது என்று கேட்டால்: வரைபடக்காரரிடம் ஏசி, கண்ணாடி, பிளாட் மூன்றுக்கும் ஒதுக்கிய தொகையைத் தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், மாதாந்த மின்சாரச் செலவையும் சேர்த்து. பழைய ஆலயத்தைத் திருத்த எவ்வளவு என்று இன்னொரு தாள் வேண்டும். அந்தத் தாளைக் குழுவோ நீங்களோ ஊகத்தில் எழுதக் கூடாது; ஒரு பொறியியலாளர் அத்திவாரத்தையும் சுவர் வெடிப்பையும் பார்த்து, நல்ல தச்சு பாஸ் ஒருவர் ஓட்டைக் கழற்றிக் கைமரத்தையும் வளையையும் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுவருக்குள் நுழையும் மரத்தின் நுனியில்தான் கறையான் இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்குப் பக்கத்து ஓடுகளையும் சேர்த்துக் கழற்ற வேண்டியிருப்பதால் அந்த வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தை வரை யாரும் கூரையில் ஏறமாட்டார்கள்.